அப்டேட்டுக்குப் பிறகு தமிழ் எழுத்து குழம்பினால் முதலில் என்ன பார்க்கவேண்டும்?

களுவாஞ்சிகுடியில் தட்டச்சுக் கடை நடத்தும் நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. கடை கொம்பியூட்டரை விண்டோஸ் 11க்கு மாற்றினீர்கள், கூடவே ஒஃபிஸும் புதிதாகப் போட்டீர்கள். மறுநாள் காலை திறந்தால் பழைய தமிழ் ஃபைல்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கின்றன. சிலவற்றில் கட்டம் கட்டமாக வருகிறது. திரையில் எழுத்து மங்கல். பார்க்க வந்தவர் "ஃபோர்மட் அடித்தால்தான் சரிவரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு நோட்டீஸ் இரண்டு நாளில் அச்சுக்குப் போகவேண்டும். எழுத்துருவை எப்படிச் சரிசெய்வது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பத்து வருடமாக அடித்து வைத்ததெல்லாம் போய்விட்டதா என்ற பயம் உங்கள் வரிகளில் தெரிகிறது. அதற்குத்தான் முதலில் பதில்.

போகவில்லை. ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை. மட்டக்களப்பில் இருபது வருடமாகத் தட்டச்சும் கொம்பியூட்டர் திருத்தமும் செய்கிறேன். அப்டேட் ஒன்று ஃபைலுக்குள் இருக்கும் தமிழைத் தின்றதை நான் கண்டதில்லை. ஃபைலை எழுத்தாகக் காட்டும் இடத்தில்தான் கோளாறு. அதனால் ஃபோர்மட் அடிக்கவேண்டாம். அடித்தால் இப்போது டிஸ்கில் எங்கோ கிடக்கும் உங்கள் பழைய எழுத்துருக்களும் சேர்ந்து போய்விடும், அதன்பின் தேடி அலையவேண்டி வரும்.

ஏன் இப்படி ஆகிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். கொம்பியூட்டர் எழுத்தை எண்ணாகத்தான் சேமிக்கிறது. உலகத்துக்கெல்லாம் பொதுவான எழுத்து எண் முறையான யுனிகோடில் 'க' என்றால் 2965. அந்த எண் உலகத்தில் எந்த இயந்திரத்திலும் 'க' மட்டும்தான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கதை வேறு. நீங்கள் 'க' அடிக்கும்போது ஃபைலில் பதிவது 102. அது ஆங்கிலச் சின்ன எஃப்பின் எண். பாமினி எழுத்துரு என்ன செய்கிறது என்றால், எஃப் இருக்கவேண்டிய இடத்தில் 'க'வின் படத்தை வரைந்து வைத்திருக்கிறது. பாமினி இருக்கும்வரை தமிழ் தெரியும். அதை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். 'அம்மா' என்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். உங்கள் திரையில் இந்த மாதிரிதான் தெரிகிறது என்றால் நோய் இன்னது என்று உறுதியாகச் சொல்லலாம்: அந்த ஃபைல்கள் பாமினியில் அல்லது அதன் விசைப்பலகையைப் பின்பற்றும் இன்னொரு எழுத்துருவில் அடித்தவை, புதிய விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லை.

எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க, குழம்பிய வரிக்குள் ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். வேர்ட்டில் மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். இயந்திரத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் ஃபைலில் எழுதியிருக்கும் பெயரை வேர்ட் அங்கே காட்டும். அதுதான் மருந்துச் சீட்டு. பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாமினியே ஒன்றிரண்டு விதமான எழுத்துக்கூட்டலில் ஊரில் உலாவுகிறது. பெயரில் ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் வேர்ட் அதை வேறு எழுத்துரு என்றே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் அந்த எழுத்துருவைத் தேடுவது. பழைய விண்டோஸை அழிக்காமல் மேலேயே புதியதைப் போட்டிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்ட்' என்று ஒரு போல்டர் இருக்கும். அதற்குள் விண்டோஸ், அதற்குள் ஃபொன்ட்ஸ் என்று போனால் பழைய எழுத்துருக்கள் கிடைக்கும். இதை இன்றைக்கே செய்யுங்கள். மேம்படுத்தி ஏறத்தாழ 10 நாளில் விண்டோஸ் அந்தப் போல்டரைத் தானாக அழித்துவிடும். பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகும் வழியும் அதே 10 நாளுக்குத்தான். கிடைத்ததை ஒரு பென் டிரைவிலும் உங்கள் ஈமெயிலிலும் போட்டு வையுங்கள்.

எழுத்துருவைப் போடும்போது பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. ஃபைலை வலது கிளிக் செய்தால் 'இன்ஸ்டோல்' என்று ஒன்றும், 'எல்லாப் பயனர்களுக்கும் இன்ஸ்டோல்' என்று இன்னொன்றும் வரும். 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து முதலாவதை அழுத்தினால் எழுத்துரு உங்கள் பயனர் கணக்குக்குள் மட்டும் போய் உட்காரும். வேர்ட் அதைக் காணும். பழைய மென்பொருள் சில அதைக் காணாது. பேஜ்மேக்கரில் நோட்டீஸ் கட்டுகிறவர்கள் "வேர்ட்டில் பாமினி வருகிறது, இதில் வரவில்லை" என்று மண்டையை உடைப்பது பெரும்பாலும் இதனால்தான். எப்போதும் இரண்டாவதையே தெரிவு செய்யுங்கள், பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இதைச் செய்வதற்கு முன் ஒரு காரியம் செய்யவே கூடாது. குழம்பிய ஃபைலை முழுவதுமாகத் தெரிவு செய்து வேறு எழுத்துரு கொடுத்துப் பார்த்து, அப்படியே சேவ் செய்வது. யுனிகோட் எழுத்துரு எதைக் கொடுத்தாலும் 102 என்ற எண் 'க' ஆகாது. மாறாக, முழுவதற்கும் பாமினி கொடுத்துவிட்டால் இடையில் இருந்த ஆங்கிலப் பெயர்களும் ஈமெயில் முகவரிகளும் பொருளில்லாத தமிழ் எழுத்தாகிவிடும். இலக்கங்கள் தப்பும். கடிதத் தலைப்பு தப்பாது. மூலப் பிரதியைத் தொடாமல் ஒரு கொப்பி எடுத்து அதில் முயற்சி செய்யுங்கள்.

சரி, பாமினி வந்துவிட்டது, எழுத்தும் தமிழாகிவிட்டது. இங்கேதான் நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நோட்டீஸ் அடிக்கிறவருக்கு உண்மையான ஆபத்து இதில் இருக்கிறது. ஒஃபிஸைப் புதிதாகப் போட்டால் 'ஓட்டோ கரெக்ட்' அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். அதில் ஒன்று, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது. ஆங்கிலத்துக்கு நல்லது. பாமினியில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு தமிழ் எழுத்துகள். சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. இப்போது 'கடை' என்று வரியின் தொடக்கத்தில் அடித்து ஸ்பேஸ் தட்டுங்கள். வேர்ட் முதல் எழுத்தைப் பெரிதாக்கும். 'குடை' என்று மாறி நிற்கும்.

இது என் கையிலேயே நடந்தது. ஒரு புடவைக்கடைத் திறப்பு விழா நோட்டீஸ். ஒஃபிஸைப் புதிதாகப் போட்ட கிழமை. தலைப்பை அடித்துவிட்டு, கண்ணால் முழுச் சொல்லாகப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். பெட்டியைத் திறந்த கடைக்காரர் ஒன்றும் பேசாமல் ஒரு தாளை எடுத்து என் முன் வைத்து, தலைப்பின் முதல் எழுத்தில் விரலை வைத்தார். 'குடை திறப்பு விழா'. முழுவதையும் என் செலவில் திருப்பி அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த இயந்திரத்தில் பாமினி போட்டாலும் அடுத்த வேலை ஓட்டோ கரெக்டை நிறுத்துவதுதான்.

இன்னொன்று இதைவிட மறைவானது. ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தும் பெரிதாக இருந்தால், தவறி விழுந்தது என்று நினைத்து வேர்ட் இரண்டாவதைச் சின்னதாக்கும். 'குடும்பம்' என்ற சொல் பாமினியில் பெரிய எஃப், பெரிய எல் என்றுதான் தொடங்குகிறது. பெரிய எல் 'டு', சின்ன எல் 'ட'. விளைவு 'குடம்பம்'. நம் பகுதியில் மரண அறிவித்தல் ஒவ்வொன்றும் 'குடும்பத்தினர்' என்று முடிகிறது. துக்க வீட்டுக்காரர் கையில் அந்தத் தாள் பிழையோடு போய்ச் சேருவதை நினைத்துப் பாருங்கள். வேர்ட்டின் ஒப்ஷன்ஸில் 'ப்ரூஃபிங்' பகுதிக்குப் போய், ஓட்டோ கரெக்ட் பெட்டியில் இருக்கும் எல்லாச் சரிக்குறியையும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே அடித்து முடித்த பழைய ஃபைலைத் திறப்பதால் அது மாறாது. புதிதாக அடிப்பதும், பழையதில் திருத்தி அடிப்பதும்தான் மாட்டும்.

இனிக் கட்டம் கட்டமாக வரும் ஃபைல்கள். இது பாமினி நோய் கிடையாது. கட்டம் என்றால், ஃபைலில் இருப்பது யுனிகோட் தமிழ், அதை வரைய வேண்டிய எழுத்துருவில் தமிழ் இல்லை. அல்லது எழுத்துருக்களின் தற்காலிகச் சேமிப்பு கெட்டிருக்கிறது. விண்டோஸ் 8இலிருந்து தமிழுக்கு முதன்மையான எழுத்துரு நிர்மலா. வரிகளைத் தெரிவு செய்து நிர்மலா கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் சேர்விசஸ் பட்டியலில் விண்டோஸ் ஃபொன்ட் கேஷ் என்பதை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு அது மீண்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்கும் கட்டம் போகாவிட்டால் அந்தச் சேமிப்புப் போல்டருக்குள் இருப்பதை அழிக்கவேண்டி வரும். கை பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்யுங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று: லதா, விஜயா என்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் விண்டோஸ் 10இலிருந்து தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் 'ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, தமிழுக்கான துணை எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தால் இரண்டும் வரும். இணைய இணைப்பு வேண்டும். லதாவில் அடித்த பழைய கடிதங்கள் இதில்லாமலும் திறக்கும், வாசிக்கவும் முடியும். ஆனால் வேறு எழுத்துரு அந்த இடத்தைப் பிடிப்பதால் வரி உடையும் இடமும் பக்கக் கணக்கும் மாறும். பிரதேச செயலகத்துக்குப் போகும் படிவங்களில் கட்டங்களுக்குள் எழுத்து அடங்காமல் போவது இதனால்தான்.

இன்னும் இரண்டு தோற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு வரும். எழுத்து தமிழாகவே இருக்கிறது, ஆனால் 'கொ' என்பதில் கொம்பு தனியே, கால் தனியே, நடுவில் புள்ளி வட்டம் என்று பிரிந்து நின்றால் எழுத்துருவில் குறை இல்லை. எழுத்துகளைக் கோத்துக் கொடுக்கும் பகுதி வேலை செய்யவில்லை. வடிவமைப்பு மென்பொருள்களில் இதைக் காணலாம். ஃபோட்டோஷொப், இன்டிசைன் போன்றவற்றில் பத்தி அமைப்புக்குள் 'வேர்ல்ட் ரெடி' என்று பெயரில் வரும் தெரிவு இருக்கிறது, அதைக் கொடுத்தால் ஒன்று சேரும். பேஜ்மேக்கரில் அதை எதிர்பார்க்கவேண்டாம். 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது, யுனிகோட் தமிழ் அதற்குத் தெரியாது. மற்றது, தலையில் சாய்கோடு போட்ட ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று திரும்பத் திரும்ப வருவது. யுனிகோடை ஃபைலில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று பைட்டாகப் பதிவாகிறது. அதை மென்பொருள் பழைய ஆங்கில முறையில் வாசித்தால் மூன்றும் மூன்று குறியாகத் தெரியும். பாடசாலைப் புள்ளிப்பட்டியலை எக்செலில் நேராகத் திறக்கும்போது இப்படி ஆகும். இரட்டைக் கிளிக் செய்யாமல், டேட்டா பகுதி வழியாக உள்ளே எடுத்து யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்யுங்கள்.

மங்கல் விஷயத்தில் நான் இங்கிருந்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது, உங்கள் திரையை நான் பார்க்கவில்லை. வழக்கமாக மூன்றில் ஒன்று. விண்டோஸ் மாறியதும் திரைக்கார்டின் டிரைவர் போய், ரெசொலூஷன் குறைந்திருக்கலாம். டிஸ்ப்ளே அமைப்பில் 'ரெகமெண்டட்' என்று எழுதிய அளவு இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் பெரிதாக்கும் வீதம் 125 என்று மாறியிருக்கலாம், பழைய மென்பொருள்கள் அதில் கலங்கித் தெரியும். அதுவும் இல்லாவிட்டால், 'கிளியர் டைப்' என்று தேடி, அது காட்டும் மாதிரிகளில் கண்ணுக்குத் தெளிவானதைத் தெரிவு செய்துகொண்டே போங்கள். டிரைவர் பக்கம்தான் என் சந்தேகம் அதிகம், ஆனால் அது சந்தேகம் மட்டுமே. தமிழுக்கு இது சின்ன விஷயமில்லை. 'ன'வுக்கும் 'ண'வுக்கும், 'கி'க்கும் 'கீ'க்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். சின்ன அளவில் அது கலங்கினால் பிழை திருத்துகிறவர் கண் ஏமாறும்.

இன்னொரு இடத்திலும் சந்தேகம் வைத்துத்தான் சொல்லவேண்டும். உங்கள் ஃபைல்களில் சில பாமினியாக இல்லாமல், டிஸ்கி என்ற இன்னொரு பழைய தமிழ் எழுத்து முறையாக இருக்கலாம். அதில் தமிழ் எழுத்துகள் 128க்கு மேலே உள்ள எண்களில் இருக்கும், ஆங்கிலம் தன் இடத்தில் இருக்கும். ஆங்கில வரிகள் ஒழுங்காகவும் தமிழ் வரிகள் மட்டும் தலைக்குறி போட்ட விசித்திர எழுத்துகளாகவும் தெரிந்தால் அதுதான். அந்த மாதிரிக் கணக்கு மென்பொருளோ பதிவு மென்பொருளோ கடையில் இருந்தால், ரீஜன் அமைப்பில் 'பீட்டா' என்று தொடங்கி யூடிஎஃப்-8 என்று வரும் ஒரு சரிக்குறியை யாராவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

"இனி அப்டேட்டே செய்யக்கூடாது" என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஊரார் அடையாள அட்டைப் பிரதியும் வங்கிக் கடிதமும் வந்துபோகும் கடையில் பாதுகாப்புத் திருத்தம் இல்லாத இயந்திரம் வைத்திருப்பது சரியில்லை. மாறவேண்டியது எழுத்துரு. அடிக்கடி திறக்கும் ஃபைல்களை, ஒரே நாளில் எல்லாம் என்றில்லாமல், தேவைப்படும்போது ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் பாமினியை மாற்றிக் கொடுக்கும். ஆங்கில வரிகளை முதலில் பிரித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவற்றையும் தமிழென்று நினைத்து மாற்றும். மாற்றிய பிறகு ரகரத்தை மட்டும் தனியாக ஒருதரம் பாருங்கள். தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்கள் 'ர்' என்பதைக் காலுக்கு மேல் புள்ளி வைத்து அடிப்பார்கள், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். நல்ல மாற்றி அதைப் பிடித்துவிடும், எல்லா மாற்றியும் பிடிக்காது. 'ஸ்ரீ'யையும் பாருங்கள். 2005இல் யுனிகோடில் தனி 'ஶ' சேர்ந்த பிறகு அந்த ஒரு எழுத்தை இரண்டு விதமாக அடிக்க முடிகிறது. பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ஃபைலில் 'ஸ்ரீ' என்று தேடினால் மற்ற விதத்தில் அடித்தது அகப்படாது. கோயில் வேலை செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி தட்டும்.

விரல் பழக்கம் போய்விடுமே என்று தயங்கவேண்டாம். என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையே இருக்கிறது. அதே விசையில் அடிக்கலாம், பதிவது யுனிகோட். முதல் ஒரு கிழமை கொம்பு போடும் இடத்தில் கை கொஞ்சம் தடுமாறலாம், அப்புறம் பழகிவிடும்.

இப்போது சடங்கு நோட்டீஸ். இரண்டு நாள்தான் இருக்கிறது, அதனால் அதை யுனிகோடுக்கு மாற்றும் வேலையை இப்போது தொடவேண்டாம். பாமினியை எல்லாப் பயனர்களுக்கும் போடுங்கள், ஓட்டோ கரெக்டை நிறுத்துங்கள், சென்ற வருட நோட்டீஸின் கொப்பியில் திகதிகளை மாற்றுங்கள். 'திருக்குளிர்த்தி' என்று தொடங்கும் வரியைப் புதிதாக ஒருதரம் அடித்துப் பாருங்கள். 'தி' இருந்த இடத்தில் 'து'வும் அதன் தலையில் ஒரு விசிறியும் வந்தால் ஓட்டோ கரெக்ட் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். எல்லாம் சரியென்றால் பிடிஎஃப் ஆக்கி, பாமினி இல்லாத வேறொரு இயந்திரத்தில் அல்லது உங்கள் ஃபோனில் திறந்து பாருங்கள். அங்கேயும் தமிழாகத் தெரிந்தால் எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறது, அந்தப் பிடிஎஃப்பை அச்சகத்துக்குக் கொடுக்கலாம். தெரியாவிட்டால் குழம்பிய வரியையும் மேலே காட்டும் எழுத்துருப் பெயரையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.